நிறைவான பெண் ஒருத்தி தேவை

1

மனிதனுக்கு வேண்டியது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை அறிந்தவனே உலகை ஆள்கிறான்.

இந்த வாக்கியத்தை எழுதி முடித்து, உரக்க ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, எழுத்தாளர் தேநீர் கேட்டார். அன்றைக்கு அது மூன்றாவது. பால் தீர்ந்துவிட்டது, உலகை ஆள்கிறவர் கீழே இறங்கிப் போய் வாங்கி வரலாம் என்று சமையலறையிலிருந்து மனைவியின் பதில் வந்தது.

கதை பிறந்த கதையை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. ஒரு மாத இதழ் ‘நெருக்கடியிலும் நிறைவு’ என்று சிறப்பிதழ் போடுகிறது. ஆசிரியர் தொலைபேசியில் கேட்டார்: வேலை போன ஒரு பெண் வேண்டும், ஆனால் புலம்பக் கூடாது. தன் கையே தனக்கு உதவி என்று வாழ்பவளாக இருக்க வேண்டும். முடிந்தால் கொஞ்சம் செடிகொடி. கல்யாணத் தரகரிடம் பெண் விசாரிப்பது போலிருந்தது. கீழ் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள் என்றார் எழுத்தாளர்.

(‘எழுத்தாளர்’ என்பது இதை எழுதுகிறவர்தான். ‘நான்’ என்று போட்டால் நடந்ததற்கெல்லாம் பொறுப்பேற்க வேண்டிவரும்.)

2

கீழ் வீட்டுக்காரி கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். ஆறிய பாட்டில்கள் ஒரு வெளிச்சப் பலகைக்கு முன்னால் வரிசையாக ஓடும். கீறலோ குமிழியோ உள்ளதைப் பிடுங்கிப் போடுவது அவள் வேலை. இருந்த இரண்டு உலைகளில் ஒன்றை நிர்வாகம் அணைத்துவிட்டு, ‘மறு அறிவிப்பு வரும்வரை’ என்று வாயிற்கதவில் ஒட்டியது. தாள் மஞ்சளாகி, ஒரு மூலை பிய்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருக்கிறது. மறு அறிவிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் மொட்டைமாடியில் காலி பெயிண்ட் வாளிகளில் தக்காளியும் வெண்டையும் போட்டாள். துணி சோப்பைத் தானே காய்ச்சினாள். கணவனின் சட்டைக் காலர்களைப் பிரித்துத் திருப்பித் தைத்தாள். மகளின் செருப்புக்குப் பழைய டயரில் அடி வைத்தாள். இதெல்லாம் உண்மை. சிகரெட் பிடிக்க மாடிக்குப் போகும்போது எழுத்தாளர் கண்ணால் கண்டது.

எழுதினார்:

‘அவள் முகத்தில் ஓர் அமைதி. அவள் இழந்தவள் அல்ல, அடைந்தவள். அந்தச் சிறு தக்காளியில் அவள் தன் முழு’

முழு என்ன? வாழ்வையா, பிரபஞ்சத்தையா? வாக்கியம் அங்கேயே நிற்கட்டும். அடித்துவிட மனமில்லை, முடிக்க வெட்கமாக இருக்கிறது.

* எழுத்தாளரும் எளிமையாக வாழ்பவர்தான். மனைவி மருந்துக்கடையில் நாள் முழுதும் நின்று வாங்கும் சம்பளத்தில் அந்த எளிமை நடக்கிறது.

3

கீழ் வீட்டுக்காரியிடம் காட்டாமல் அனுப்பக் கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள். மாடியில் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தவளிடம் எழுத்தாளர் தாள்களை நீட்டினார். பாராட்டை வாங்கிக்கொள்ளத் தோதாக முகத்தைக் கொஞ்சம் கீழே தாழ்த்தியும் வைத்துக்கொண்டார். அவள் நின்றபடியே கடைசிவரை படித்தாள்.

“யாரு சார் இது?”

“நீங்கதாம்மா.”

“இவ ரொம்ப நல்லா இருக்காளே. இவளுக்கு எதுக்கு வேலை?”

பிறகு விஷயத்தைச் சொன்னாள். அடுத்த வாரம் நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தை. அணைத்த உலையைப் பற்றவைக்கச் சொல்லி உள்ளே போய்க் கேட்கப்போகிறவர்களில் அவளும் ஒருத்தி. எல்லாரும் ஏதோ ஒரு வழி பண்ணிக்கொண்டு நிம்மதியாகத்தானே இருக்கிறீர்கள், உலைக்கு என்ன அவசரம் என்று போன தடவையே மேலாளர் கேட்டிருக்கிறார். இந்த இதழ் நேராக அவர் மேசைக்குப் போகும். (பின்னட்டை விளம்பரமே தொழிற்சாலையுடையதுதான். எழுத்தாளருக்கு அது தெரியும். தெரிந்ததையெல்லாம் நினைத்துக்கொண்டே இருக்க முடியுமா?)

உங்களுக்குத் திருப்தி இல்லையா என்று எழுத்தாளர் விடாமல் கேட்டார். செடிகளைப் பார்க்கும்போது அவள் முகம் மலர்வதை அவர் பார்த்திருக்கிறாரே.

“இருக்கு சார். இல்லன்னு யாரு சொன்னா? காய் புடிக்கிறப்ப மனசு நெறைஞ்சுதான் போகுது. ஆனா அது என்னுது. நான் பாடுபட்டுச் சேத்து வெச்சது. அதத் தூக்கிட்டுப் போயி, பாருங்க, இவளுக்கு இதுவே போதுமாம்னு அந்தாளுகிட்ட குடுக்க நீங்க யாரு?”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் வசதியாக இருந்திருக்கும், கோபக்காரி என்று ஒரு பத்தி எழுதித் தப்பித்திருக்கலாம். வெண்டைக்காய்களை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

3 (மறுபடியும்)

எழுத்தாளருக்கு ஆவேசம் வந்தது. கதையின் இரண்டாம் படியில் செடிகளைக் கருகவிட்டார். மகளைப் பட்டினி போட்டார். கணவனைக் குடிக்கவைத்தார். (அந்த மனிதர் வாடகை வண்டி ஓட்டுகிறார். தேநீருக்கு மேல் எதையும் தொட்டதில்லை.)

அவள் அதையும் படித்தாள். எங்கள் வீட்டில் யாரும் பட்டினி கிடக்கவில்லை, கிடக்க விடவும் மாட்டேன் என்றாள். மகள் இதைப் படித்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்றாள்.

“மொதல்ல சாமியாரா ஆக்குனீங்க. இப்ப பிச்சைக்காரியா ஆக்கிட்டீங்க. நடுவுல ஒருத்தி இருக்கா சார். அவள எழுத வராதா உங்களுக்கு?”

5

நான்காம் பகுதி இல்லை. அதில் எழுத்தாளரின் மனப்போராட்டம் இருந்தது. மனைவி படித்துவிட்டு, இதில் கீழ் வீட்டுக்காரி எங்கே என்று கேட்டாள்.

மூன்றாம் படியில் அவளை அவளாகவே வைத்தார். மாடியில் நிறைவாக இருக்கிறாள். படியிறங்கித் தொழிற்சாலை வாசலுக்குப் போய் வேலையைக் கேட்கிறாள். இரண்டும் ஒரே ஆள். அனுப்பியதும் ஆசிரியர் கூப்பிட்டார். நிறைவாக இருப்பவள் ஏன் கேட்கிறாள், கேட்கிறவள் எப்படி நிறைவாக இருப்பாள், வாசகர் குழம்பிவிடுவார் சார் என்றார். தொழிற்சாலை வாசலை மட்டும் எடுத்துவிட்டால் அழகான கதையாம்.

வாசகரே, நீங்கள் குழம்பினீர்களா?

‘போதும்’ என்பது சாப்பிடுகிறவர் சொல்ல வேண்டிய சொல். பரிமாறுகிறவன் சொன்னால் அதற்குப் பெயர் வேறு. துணியைக் கிழித்தவனே அவள் போட்ட ஒட்டின் அழகைப் பார்த்து உருகுகிறான். உருகியதை அச்சடிக்க வழவழவென்று தாள் இருக்கிறது. எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறது. மேடை போட்டு, மாலை போட்டு, எளிமையைப் பற்றிக் குளிரூட்டிய அரங்கில் பேச ஆள் இருக்கிறது. உலையைப் பற்றவைக்கத்தான் ஒருத்தனும் இல்லை. அவள் அவரவர் வீட்டு வாசலில் வந்து கேட்டாளா, என்னைப் புகழுங்கள் என்று?

எழுத்தாளர் கதையைத் திரும்பக் கேட்டுவிட்டார். வாழ்நாளில் முதல் முறை. ஆசிரியர் கெஞ்சுவார் என்று ஒரு கணம் காத்திருந்தார். ஆசிரியர் ‘சரி சார்’ என்றார். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் எழுதிய கதை கைவசம் இருக்கிறதாம். அதில் பாட்டுப் பாடிக்கொண்டே குடை ரிப்பேர் செய்கிற ஒருவர் வருகிறாராம்.

6

முடிவுக்கு மூன்று வழி பார்த்தார்.

ஒன்று: உலை எரிகிறது. அவள் வெளிச்சப் பலகைக்குத் திரும்புகிறாள். தண்ணீர் ஊற்ற நேரமில்லாமல் மாடியில் வெண்டை வாடுகிறது.

இரண்டு: எரியவில்லை. காலருக்கு இரண்டு பக்கம்தான். திருப்பித் தைத்ததும் நைந்துபோனால், அப்புறம் திருப்ப ஒன்றும் இல்லை.

மூன்று: மேலாளர் மனம் உருகி

இல்லை. இதை எழுத ஆசிரியரிடம் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

கதையைத் திரும்ப வாங்கிவிட்டேன் என்று கீழே போய்ச் சொன்னார். அவள் முகத்தில் அமைதி, நன்றிப்பெருக்கு எதுவும் தெரியவில்லை. சரி சார் என்றாள். பேச்சுவார்த்தை நாளைக் காலை. உள்ளே பேசுகிறவர்களின் பேச்சு மேலாளர் காதில் ஏறாது, வாசலில் எவ்வளவு கூட்டம் என்று சன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார் என்றாள். ஒரு தலை கூடுதலாக இருந்தாலும் நல்லது. “வந்து நிப்பீங்களா சார்?”

“முன்வரிசையில நிப்பேன்மா,” என்றார். குரல் தழுதழுத்தது.

அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்தார். இந்தப் பகுதிவரை நீங்கள் படித்தது அப்படி விடியவிடிய எழுதியதுதான்.

உலை எரிந்ததா என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு முன்னால், வாசலில் யார் யார் நின்றார்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். கீழ் வீட்டுக்காரியின் கணவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நின்றார். எழுத்தாளரின் மனைவி மருந்துக்கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து நின்றாள்.

எழுத்தாளர் தூங்கிக்கொண்டிருந்தார்.