ஒஸ்வால்ட்டின் குளிசையும் பிறிஜெற்றின் அம்பரெல்லாவும்

ட்ரம்பெட்டை வாயில் வைத்து, மூச்சை நன்றாக இழுத்து ஊதினான் ஒஸ்வால்ட். பாட்டு வரவில்லை. காற்றுப் போகிற சைக்கிள் ரியூப் மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. நாக்கு பசை தடவினதுபோல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

“மச்சான், பெருநாளுக்கு இதையோ ஊதப்போறாய்? அந்தோனியார் எழும்பி ஓடிப்போயிடுவார்,” என்றான் பக்கத்தில் ட்ரம் அடிக்கிற செபஸ்தியன்.

ஒஸ்வால்ட்டுக்குக் கோபம் வரவில்லை. பகிடி காதில் விழுந்து சிரிப்பும் வருகிறதே, அதுவே அவனுக்குப் பெரிய காரியம். போன வருசம் இப்படி இல்லை.

அவனுக்கு ஹாபரில், துறைமுகத்தில், மூட்டை தூக்குகிற வேலை. அங்கே கிட்ட குண்டு வெடித்த அன்று அவன் முதுகில் மாவு மூட்டையோடு நின்றான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றோடு நித்திரை போயிற்று. சோறு இறங்கவில்லை. அந்தோனியார் கோயில் பேண்டில் இருபது வயதிலிருந்து ஊதிய ட்ரம்பெட், பெட்டியோடு கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. பொறுத்துப் பார்த்த பெண்சாதி பிறிஜெற், கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏற்றிப் பொரளையில் ஒரு டொக்டரம்மாவிடம் கொண்டுபோய் இருத்தினாள். மனச்சோர்வு என்று சொல்லி அவர் இரவுக்கு ஒரு குளிசை கொடுத்தார். “உடனே சுகம் தெரியாது, கிழமைக் கணக்கில போகும். விடாமப் போடவேணும். சாராயம் தொடவே கூடாது.”

ஒரு மத்தியானம், “கீரிமீன் குழம்பு இன்னும் கிடக்கோ?” என்று ஒஸ்வால்ட் கேட்டான். பிறிஜெற் சட்டியை எடுக்கிற சாட்டில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த மாதம் ட்ரம்பெட் பெட்டியும் வெளியே வந்தது.

வந்தென்ன? குளிசை போட்டதில் வாய் காய்ந்து கிடந்தது. அதோடு இன்னொரு வில்லங்கமும் இருந்தது. வியாழக்கிழமை விடிந்தால் கட்டிலை விட்டு எழும்புகிறவன் கண் இருண்டு சுவரைப் பிடிப்பான். ஒருநாள் பைப்படியில் வாளிக்கு மேலேயே விழுந்தான்.

“குடிக்காமலே வெறிக்கிற சாமான் எங்கயடா வாங்கினாய்? எனக்கும் சொல்லு,” என்றான் செபஸ்தியன்.

பிறிஜெற் சிரிக்கவில்லை. “அதென்ன உங்களுக்கு வியாழனுக்கு வியாழன் தலை சுத்துது?” என்று பிடித்துக்கொண்டாள்.

மழுப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான். செவ்வாய் அந்தோனியாருடைய நாள். அன்றைக்குக் குளிசை போட்டால் அவர் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும். ஆகவே செவ்வாயில் விட்டுவிட்டு, புதன் இரவு இரண்டாகச் சேர்த்துப் போடுகிறான்.

“செவ்வாயில பிளேன்ரீ குடிக்கிறீங்கள். பீடி இழுக்கிறீங்கள். குளிசைக்கு மட்டுந்தான் விரதமோ?”

“இனி அந்தக் கரைச்சலே இல்லை. பெருநாள் முடியும் மட்டும் குளிசையை நிப்பாட்டப்போறன். வாயில ஈரம் வந்தாத்தான் ஊதலாம். இப்ப எனக்குச் சுகந்தானே.”

“கட்டிலுக்குக் கீழ போறது இந்த முறை பெட்டி மட்டுமில்லை, நீங்களுந்தான்,” என்றாள் பிறிஜெற். அடுத்த நாளே டொக்டரம்மாவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

டொக்டரம்மா முதலில் நெஞ்சில் வயர் போட்டுப் பார்த்தார். வெளியே வந்த கடதாசியைப் பார்த்து மூச்சு விட்டபிறகுதான் ஏசத் தொடங்கினார். “ஒரு நாள் தவறினா தவறினதுதான். அடுத்த நாளும் ஒண்டுதான். கூடப் போட்டா இது இதயத்தைப் பிடிக்கும், விளங்குதோ? நீங்களா நிப்பாட்டவும் கூடாது. காலம் வந்தா நான் கொஞ்சங் கொஞ்சமாக் குறைப்பன். காலையில ஒரேயடியா எழும்பாதீங்க. காலைத் தொங்கப் போட்டு இருந்து, பிறகு மெல்ல எழும்புங்க.”

“வாய் காயுதே, டொக்டர்?”

“தண்ணியை அடிக்கடி கொஞ்சங் கொஞ்சமாக் குடியுங்க. வாயை ஊற வைக்கிற வழி பாருங்க.”

“பெருநாளுக்கு ஊதலாமோ?”

“பொரளைக்குக் கேக்க ஊதுங்க.”

அந்த வருசம் பெருநாளும் செவ்வாயில்தான் வந்தது. பின்னேரம் புறப்படும்போது, “ஒரு சொட்டு விடு, தொண்டை நனையும்,” என்று செபஸ்தியன் இடுப்பிலிருந்த போத்தலைக் காட்டினான். “என்ர தொண்டைக்குக் காவல் பின்னால வருது, மச்சான்,” என்றான் ஒஸ்வால்ட். பின்னால் பிறிஜெற் தண்ணீர்ப் போத்தலோடு வந்தாள்.

சந்தியில் செக்பொயின்ற். ட்ரம்மைத் தட்டிப் பார்த்த ஆமிக்காரன் செபஸ்தியனை விட்டான். ஒஸ்வால்ட்டின் பெட்டியைத் திறந்ததும், “மொக்கத மே?” என்று சிங்களத்தில், இது என்னவென்று கேட்டான். அடையாள அட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், ட்ரம்பெட்டின் வாய்க்குள் எட்டிப் பார்த்தான். பிறகு ஊதிக்காட்டு என்று கை காட்டினான்.

ஒஸ்வால்ட் ஊதினான். சைக்கிள் ரியூப் சத்தம். தண்ணீரில் வாயை நனைத்து ஊதினான். திரும்பவும் அதே சத்தம். ஆமிக்காரன் மற்றவனைக் கூப்பிட்டான். ஊதத் தெரியாதவன் பெருநாளன்றைக்கு இதை ஏன் தூக்கித் திரிகிறான்? இன்றைக்குப் பவனியும் இல்லை, வீடும் இல்லை என்று நினைத்தான் ஒஸ்வால்ட்.

பிறிஜெற் அங்குமிங்கும் பார்த்தாள். தெருவோரத்தில் ஒருவன் உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட அம்பரெல்லாப் புளிக்காய் விற்றுக்கொண்டிருந்தான். அவளுக்குச் சட்டென்று தன் பதினாறு வயது ஞாபகம் வந்தது. இப்படி ஒரு பெருநாளில், ஊதிக்கொண்டு வந்த கறுத்த பெடியன் ஒருவனுக்கு முன்னால் நின்று வேண்டுமென்றே அம்பரெல்லா கடித்தாள். அவன் வாயூறி, ட்ரம்பெட்டெல்லாம் எச்சிலாகி, பாட்டு நின்றுபோயிற்று. ஏச வந்தவன் கடைசியில் அவளைக் கலியாணம் முடித்தான்.

ஓடிப்போய் ஒன்று வாங்கினாள். புருசனுக்கு நேரே நின்று, அவன் கண்ணைப் பார்த்தபடி, “கறுக்” என்று கடித்தாள். புளிப்பில் ஒரு கண்ணை மூடி, தோளைச் சிலிர்த்து, சாற்றை உறிஞ்சினாள்.

ஒஸ்வால்ட்டின் காதடியில் சுரீர் என்றது. காய்ந்த வாயின் அடியில் எங்கேயோ ஈரம் கசிந்தது. நாக்கு அசைந்தது. ட்ரம்பெட்டை எடுத்து அந்தோனியார் பாட்டின் முதல் அடியை ஊதினான். வீதி முழுக்கக் கேட்டது. சனம் கைதட்டியது.

“ஹரி, ஹரி,” என்று, சரி போகலாம் என்கிற மாதிரித் தலையாட்டி, ஆமிக்காரன் பெட்டியை அவனே மூடிக் கொடுத்தான். அவனும் எச்சில் விழுங்கிக்கொண்டுதான் நின்றான். பிறிஜெற் மிச்சத் துண்டை அவனிடம் நீட்டினாள். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான்.

பவனி முழுக்க பிறிஜெற் புருசனுக்கு முன்னால், அவனைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்து நடந்து அம்பரெல்லா கடித்தாள். ஒஸ்வால்ட் ஊதினான். மற்ற ஊதுகாரருக்கு வாய் வழிந்தது.

“அக்கா, அந்தப் பக்கம் போங்கோ! அவருக்கு மருந்து, எங்களுக்கு நஞ்சு!” என்று கத்தினார்கள். ட்ரம் அடிக்கிற செபஸ்தியனுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பிறிஜெற் குளிசையையும் தண்ணீரையும் நீட்டினாள். ஒஸ்வால்ட் சுவரில் இருந்த அந்தோனியார் படத்தைப் பார்த்தான்.

“செவ்வாய்க்கிழமையப்பா,” என்றான்.

“அவருக்கும் தெரியும். நீங்கள் ஊதின ஊதில அவரும் களைச்சிருப்பார். போட்டுட்டுப் படுங்கோ.”

ஒரு குளிசை. போட்டுத் தண்ணீர் குடித்தான். பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளாமல், கைக்கு எட்டுகிற மாதிரி மேசையில் வைத்தான்.

“புளிப்பில என்ர பல்லுக் கூசுது,” என்றாள் பிறிஜெற்.

“அடுத்த பெருநாளுக்கு மாங்காய் வாங்கித் தாறன்,” என்றான் ஒஸ்வால்ட்.