ஒன்றோடும் சேராத பெடல்

நடந்தவை எல்லாம் இதே வரிசையில்தான் நடந்தனவா என்று அடித்துச் சொல்லத் துணிவில்லை. மெக்கானிக் சொல்லிக் கேட்டது இது; அவனே இரண்டு தரம் மாற்றிச் சொன்னான். மருத்துவ அறையின் கதவு பச்சையா நீலமா என்பதில்தான் அவனுக்குக் குழப்பம். உள்ளே பேசிய பேச்சில் ஓர் எழுத்தைக்கூட அவன் மறக்கவில்லை.

ஆலையின் அந்த அறைக்கு வெளியே அவனும் அவனுடைய அக்கா புருஷனும் காத்திருந்தார்கள். மாமாவை ஆலையில் எல்லோரும் கப்பல் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஓட்டுகிற வண்டி அப்படி. நெடும்பயணத்துக்கென்றே செய்த பெரிய மோட்டார் சைக்கிள். இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் மார்பு உயரத்துக்குக் கண்ணாடி. தகடு அழுத்தும் பிரஸ்ஸில் இரும்பு அச்சு நழுவி விழுந்து இடது பாதம் போனபோது நஷ்டஈடாகக் கைக்கு வந்ததை அப்படியே கொண்டுபோய் அந்தப் பழைய வண்டியில் போட்டார். "கால் போன காசுல கப்பலா?" என்று கேட்ட அக்கா அதற்கப்புறம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனால் அவரால் ஓட்ட முடிந்த வண்டி அது ஒன்றுதான். கிளட்ச் கிடையாது. கியரைக் காலால் மிதிக்கவோ தூக்கவோ வேண்டாம். இடது கைப்பிடியில் இரண்டு பட்டன், ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று. மீதியை மெக்கானிக் பார்த்துக்கொண்டான். சீட்டைத் தாழ்த்தினான். சைடு ஸ்டாண்டைக் கையால் மடக்கும்படி ஒரு கம்பி வைத்தான். கடைசியாக மாமா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "இடது பக்கம் ஒரு கியர் பெடல் வெச்சுடு மாப்ள. சும்மா, பாக்குறதுக்கு."

சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரனின் கண் எங்கே போகிறது என்று மெக்கானிக்குக்குத் தெரியும். காரணம் கேட்கவில்லை. கழித்துப் போட்ட வண்டியிலிருந்து ஒரு பெடலைக் கழற்றிச் சட்டத்தில் பற்றவைத்தான். போன பாதத்துக்குப் பதிலாக மாமா மாட்டியிருந்த ரப்பர் பாதம் அதன்மேல் அழகாக உட்கார்ந்தது.

அன்றைக்கு முடிவாக வேண்டியது ஒன்றுதான். ஸ்டோர் கவுண்டரில் ஓர் இடம் காலியாக இருந்தது. உட்கார்ந்து பார்க்கிற வேலை. நிற்க இயலாதவர் என்று டாக்டர் எழுதினால் அது மாமாவுக்கு. இல்லாவிட்டால் மறுபடி பிரஸ்; ஷிப்டு முழுக்க நின்றாக வேண்டும்.

இருவரும் உள்ளே போனபோது டாக்டருக்குப் பக்கத்தில் பணியாளர் அதிகாரியும் இருந்தார். மாமாவின் காலை யாரும் பார்க்கவில்லை. அதிகாரி தன் போனை நீட்டினார். ஆலை வாசலில் யாரோ எடுத்த படம், வண்டிமேல் மாமா. அதிகாரி இரண்டு விரலால் இடது காலைப் பெரிதாக்கினார்.

"இது என்னங்க?"

"கியர் பெடல் சார்," என்றார் மாமா.

"கால் அது மேலதான இருக்கு? இவ்ளோ பெரிய வண்டிய மிதிச்சு ஓட்டுறீங்க. பிரஸ்ல நிக்க மட்டும் கால் இல்லையா?"

"சார், அது டம்மி," என்றான் மெக்கானிக். "ஒண்ணோடயும் சேரல. நான்தான் பத்தவெச்சேன். கியர் எல்லாம் பட்டன்ல. கீழ வாங்க, காட்டுறேன்."

"டம்மி எதுக்கு?" டாக்டர் மாமாவைக் கேட்டார்.

மாமா சுவரைப் பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. டாக்டர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். வாயைத் திறங்களேன் மாமா என்று கத்த வேண்டும்போல இருந்தது மெக்கானிக்குக்கு. மாமா திறக்கவில்லை.

"பாத்தீங்களா," என்றார் அதிகாரி. "வண்டிய சோதிக்கிறது எங்க வேலை இல்ல. இவர் லீவு நாள்ல ஊர் ஊரா சுத்துறார்னு எல்லாருக்கும் தெரியும்."

"உக்காந்துதான சார் சுத்துறாரு? நின்னுகிட்டேவா ஓட்டுறாரு?"

"நீங்க வெளிய இருங்க தம்பி."

டாக்டர் எழுதினார்.

வண்டியருகே வந்ததும் மெக்கானிக் பக்கப் பெட்டியைத் திறந்து சுத்தியலை எடுத்தான். "ஒரே அடி மாமா. பேத்துக் கொண்டுபோய் அந்தாள் மேசையில போடுறேன். எதோட சேந்திருக்குன்னு தேடிப் பாக்கட்டும்."

"வேணாம்."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன கொறஞ்சுடும்?"

"என்னன்னு சொல்ல? பாக்குறவனுக்கு முழு ஆளாத் தெரியணும்னு ஆசப்பட்டேன்னா? இவனுங்ககிட்டயா?" மாமா வண்டியில் ஏறினார். "இப்ப நீ பேத்தா, மாட்டிக்கிட்டதும் கழட்டிட்டான்னு சொல்லுவானுங்க. ஏறு."

மெக்கானிக் சுத்தியலைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டுப் பின்னால் ஏறினான்.

பிறகு ஆனதைச் சொல்லிவிடலாம். மாமா பிரஸ்ஸுக்குத் திரும்பினார். மழைக்காலம் வருமுன் வெட்டிய இடம் உராய்ந்து புண்ணாகிச் சீழ் வைத்தது; முழங்காலுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டியதாயிற்று. வேலைக்குத் தகுதியற்றவர் என்று ஆலை அவரை அனுப்பிவிட்டது. அதற்கும் கையெழுத்துப் போட்டவர் அதே டாக்டர்தான். வண்டியை விற்றுவிட்டார்கள். அக்கா இப்போது அதே ஆலையின் கேன்டீனில் தட்டுக் கழுவுகிறாள். பணியாளர் அதிகாரி பதவி உயர்வில் தலைமை அலுவலகம் போனார். மெக்கானிக் ஆலை அதிகாரிகள் யாருடைய வண்டியையும் தொடுவதில்லை. அவர்களுக்கு வேறு மெக்கானிக் கிடைத்துவிட்டான்.

ஸ்டோர் கவுண்டரில் மேலாளரின் மச்சினன் இருக்கிறான். சாயங்காலம் ஆனால் கால்பந்து ஆடப் போகிறவன். சாமான் கேட்டு யாரும் வராத நேரத்தில் ஷூவைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் மேசைமேல் நீட்டி, பத்து விரல்களையும் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.