கொக்கி ஏகாம்பரத்தின் நாற்காலி

துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில், ரவுடி கொக்கி ஏகாம்பரத்துக்காகக் கடைக்கு ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கும். காலையில் போடும் முதல் டீ அதன் முன்னால் வைக்கப்படும். அவனைப் பற்றி யாராவது ஒரு கதை சொன்னால் நாற்காலி ஒரு விரல் வளரும். முனிரத்தினத்தின் டீக்கடையில் அது கூரையைத் தொட்டது. அவர் கூரையைப் பிரித்துவிட்டார். மழை நாளில் டீயில் தண்ணீர் விழுந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

போன ஆடியில், லூர்துமேரியின் புருஷன் சவேரி கால்வலி தாங்காமல் அதில் ஏறி உட்கார்ந்தான். பிணமாகத்தான் இறங்கினான். கொக்கி வெட்டிவிட்டான் என்றது ஊர். கடையில் பத்துப் பேர் இருந்தும் யாரும் பார்க்கவில்லை. அன்றுமுதல் லூர்துமேரி தினமும் அங்கே வந்து காத்திருந்தாள். கொக்கியிடம் அவளுக்குக் கேட்க ஒன்று இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவன் வந்தான். குட்டையான ஆள். மூட்டுவலித் தைலம் மணத்தது.

"நான்தாம்மா கொக்கி," என்றான். அவளைத் தவிர யாரும் திரும்பவில்லை.

"என் வூட்டுக்காரர ஏன்யா வெட்டுன?"

"நான் எங்க வெட்னேன்? அப்ப குடலிறக்க ஆபரேஷன் பண்ணிக்கினு ஆஸ்பத்திரில கெடந்தேன். திரும்பி வந்தா, நான்தான் வெட்டுனேன்றாங்க."

"இல்லன்னு சொல்றதுதானே?"

"ஊர் வாய மூட உலைமூடி ஏது? அதுவுமில்லாம, சொன்னா மருவாதி பூடும்."

அவள் மனதுக்குள் திட்டினாள். பாவி, மரியாதைக்காக அடுத்தவன் போட்ட பிணத்தையும் தன் கணக்கில் வாங்கிக்கொண்டிருக்கிறான்.

"அப்ப யாருதான் பண்ணது?"

"தெரிலம்மா. முட்டி வலிக்குது. கொஞ்சம் ஒக்காந்துக்கறேன்."

அவன் சிரமப்பட்டு நாற்காலியில் ஏறினான். கால்கள் அந்தரத்தில் ஆடின. முனிரத்தினம் அடுப்பை அணைத்தார்.

"மேல யாருப்பா?"

"கொக்கி," என்றாள் லூர்துமேரி.

"கொக்கி ஒக்காந்தா கால் தரையில படும்."

எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒருவர் ஷட்டரை இறக்கினார். சவேரியின் சாவுக்கு மாலை போட்ட அதே பத்துப் பேர். பதற்றமில்லாமல், பழகிய வேலையாக அவனை இறக்கினார்கள்.

"அவர்தான்யா கொக்கி, வுட்ருங்க," என்று அவள் அழுதாள்.

"உன் புருசனையே வெட்டுனவரு. அவர உனக்கு அடையாளம் தெரியலயேம்மா," என்றார் முனிரத்தினம் உண்மையான வருத்தத்தோடு.

வேலை முடிந்தது. கை கழுவினார்கள். நாற்காலியைத் துடைத்தார்கள். ஷட்டரை ஏற்றியபோது தெருவில் செய்தி தயாராக நின்றிருந்தது: கொக்கி இன்னொருத்தனைச் சாய்த்துவிட்டான். நாற்காலி ஒரு விரல் வளர்ந்தது.

பத்துப் பேரும் டீ குடிக்க உட்கார்ந்தார்கள். அவள் கேட்க வந்ததற்குப் பதில் அந்தப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. முனிரத்தினம் அவளுக்கும் ஒரு டம்ளரை நீட்டினார். அவர் கை இன்னும் ஈரமாக இருந்தது.

"இன்னிக்கும் அவர் வரலம்மா," என்றார். "நாளைக்கு வா. நேர்லயே கேட்டுரு."