அப்பா கொடுத்த விளம்பரம்

தாய்லாந்து எல்லையில், மேசோட் என்ற ஊரில் பதுங்கிக் கிடக்கும் ஸீதூவைப் பெற்ற தகப்பனே தலைமுழுகிவிட்டதாகப் பர்மா அரசாங்கப் பத்திரிகையில் வந்திருந்தது. 'சொல் பேச்சுக் கேளாத இவன் இனி என்றென்றைக்கும் என் மகன் அல்ல.' அங்கே யார் வீட்டுப் பிள்ளை ராணுவத்தை எதிர்த்து எழுதினாலும் இப்படியொரு விளம்பரம் வரும். வராவிட்டால் வீட்டுக்குச் சீல் வைத்துவிடுவார்கள், படுபாவிகள்.

அச்சுக்குக் கொடுக்குமுன் அப்பா போனில் அதை வாசித்துக் காட்டினார்.

"'என்றென்றைக்கும்'னு போடணுமாம்டா. போடட்டுமா?"

"போடுங்கப்பா. அப்பத்தான் நம்புவாங்க."

ஸீதூ எழுதி முடித்த புத்தகத்துக்கு உயிரே இந்தப் போன் பேச்சைச் சொல்லும் அத்தியாயம்தான். ஆனால் அகதி அலுவலகத்தில் அவன் மனு நிற்பதும் அதே விளம்பரத்தை நம்பித்தான். புத்தகம் வந்தால் எல்லாம் நாடகம் என்று வெட்டவெளிச்சமாகிவிடும். மனுவும் போகும், அப்பாவும் கம்பி எண்ணுவார்.

போன வாரம் அப்பா இறந்துபோனார். அதே பத்திரிகையில் மரண அறிவிப்பு வந்தது. வழக்கப்படி பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. மூன்று பேரில் மூத்தவன் ஸீதூவை மட்டும் காணோம்.

புத்தகத்தை அச்சிடக் காத்திருந்த யமீன் கொதித்தாள். "இனி யாருக்குண்ணே பயம்? புத்தகத்திலயாவது அவருக்கு மகனா இருங்க!"

"அம்மா இன்னும் அந்த வீட்லதானே இருக்காங்க. எனக்கும் இங்க ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பிடிச்சா போலீஸ்காரன் அன்னிக்கே ஆத்துக்கு அந்தப் பக்கம், பர்மாவுக்கே தள்ளிருவான்."

"அந்த ஒரு அத்தியாயத்தை எடுத்துட்டுப் போடலாமே?"

"எடுத்துட்டா மிச்சம் வெறும் கோபம்தான். அதை எவன் வேணா எழுதுவான். விடு யமீன், கிடக்கட்டும்."

மறுநாள் அகதி அலுவலகத்தில் விசாரணை. வெளிநாட்டு அதிகாரியம்மாள் இரண்டு பத்திரிகைத் துண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். அவள் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் பர்மியில் சொன்னார்.

"சாவுலகூட உங்க பேரைச் சேர்க்கலையே. உங்கப்பாவுக்கு அவ்வளவு வெறுப்பா?"

இறப்பதற்கு முந்தின நாள்கூடப் போனில், "சாப்பிட்டியாடா?" என்று கேட்டவர் அப்பா.

"ஆமாங்க. என்னைக் கண்டாலே ஆகாது."

"கடைசியா எப்பப் பேசினார்?"

"பேசவே இல்லைங்க."

அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். மனு நிச்சயம் தேறும் என்றாள். நல்ல மனுஷி, அவன் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு ஆறுதலாக ஏதோ சொன்னாள்.

"இப்படிப்பட்ட அப்பனுக்காக நீங்க அழக்கூடாதாம்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"சரிங்க," என்று ஸீதூ கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.