காலிக் கிண்ணத்தில் இருந்தவன்

காலிக் கிண்ணத்தில் மறுபடியும் துத்தநாகம்.

அதில் யாரும் எதையும் போடவில்லை. விண்கல்லைக் கரைக்கும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு வெறுங்கிண்ணத்தையும் வைத்து, அதே அமிலத்தை ஊற்றி, அதே சூட்டில் வற்றவைத்து அளப்போம். அதில் ஒன்றுமே வராவிட்டால்தான் கல்லில் வந்தது கல்லுடையது என்று நம்பலாம். நான் கல் அறுப்பவன். ஒருமுறை நான் அறுத்த கல் தும்மியது. நம்பாதவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம்; கல் கோபித்துக்கொள்ளாது.

இப்போது கையில் இருந்தது, முழுக் கோளாக வளர்வதற்குள் உருகிக் கொதித்த ஒரு குட்டி உலகத்தின் துண்டு. கொதிப்பில் ஆவியாகக்கூடியதெல்லாம் ஓடிவிட்டது. துத்தநாகத்திலும் இலேசான அணுக்கள்தான் முதலில் கிளம்பும், கனமானவை தங்கிவிடும். தங்கியதன் கனத்தைப் பார்த்துப் போனது எவ்வளவு என்று சொல்லலாம். பூமியும் சின்ன வயதில் இப்படித்தான் பறிகொடுத்ததா என்று கேட்க எங்களிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு துணுக்கு. கிண்ணம் சுத்தமாகாமல் அதைக் கரைத்தால் எல்லாம் வீண்.

கரைக்கிறவள் எங்கள் ரசாயனக்காரி. அவள் கணவன் இதே ஆய்வுக்கூடத்தில் மெக்கானிக். வேர்க்குருப் பவுடரைக் கழுத்தில் அப்பிக்கொண்டு வருவான்; அதனால் சுண்ணாம்பு என்று கூப்பிடுவோம். அந்தப் பவுடரில் துத்தநாகம் உண்டென்று கல்லைக் கரைக்கும் சுத்த அறைக்குள் அவனை விடவே மாட்டோம். மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். அதற்குப் பிறகுதான் கிண்ணம் இப்படி. கையுறையை மாற்றினோம், அமிலத்தை மாற்றினோம், காற்று வடிகட்டியையும் மாற்றினோம்.

"பேயா இருந்தாலும் செருப்புக்கு உறை போட்டுட்டு வரச் சொல்லும்மா" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அவரா இருக்குமோ பெரியப்பா?"

"அவன் உசுரோட இருக்கும்போதே உள்ளே விட்டதில்லை. இப்ப எப்படி வருவான்?"

அவள் வெள்ளை அங்கியை மாட்டக் குனிந்தாள். பவுடர் வாசனை குப்பென்று வந்தது. உள்ளே குளிரும் என்று எல்லோரும் அங்கிக்கடியில் ஸ்வெட்டர் போடுவது வழக்கம். அவள் போட்டிருந்தது, முழங்கை தைத்த பழுப்பு ஸ்வெட்டர், சுண்ணாம்புடையது.

நான் பார்த்ததை அவள் கவனித்துவிட்டாள். அங்கியின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"தெரியும் பெரியப்பா. போன வாரமே தெரியும்."

"அப்புறம் ஏம்மா?"

"வீட்டுல மத்ததெல்லாம் துவைச்சாச்சு. இதையும் துவைச்சா வாசனை போயிடும். அப்புறம் அவர் எங்க இருப்பாரு?"

நான் போய் என் ரம்பத்தின் விளிம்பைத் துடைத்தேன், அது சுத்தமாக இருந்தும்.

அடுத்த வாரம் வேறு ஸ்வெட்டரில் வந்தாள். விரல்கள் சோப்பில் ஊறி வெளுத்திருந்தன. காலிக் கிண்ணத்தில் வற்றியதை அளவுக் கருவியில் ஓட்டினார்கள். துத்தநாகம் இருந்தால் மேலே எழும்பும் கோடு, திரையில் எங்கும் எழும்பாமல் ஓடி முடிந்தது. கூடத் தலைவர் கைதட்டிவிட்டார்.

"அப்பாடா! சனியன் விட்டுச்சு. துணுக்கைக் கரைச்சிடலாம்மா."

அவள் நகரவில்லை.

"காலிக் கிண்ணத்தை இன்னொரு தடவை ஓட்டலாம் சார்."

"சுத்தமாத்தானே இருக்கு?"

"ஒரே ஒரு தடவை."

ஓட்டினார்கள். கோடு இடப்பக்கத்திலிருந்து புறப்பட்டது. அவள் குனிந்து, நெற்றி இடிக்கும்வரை திரையோடு ஒட்டிக்கொண்டாள். அவள் மூச்சு பட்டுக் கண்ணாடியில் ஒரு வட்டம் பனித்தது. அதற்குள்ளே கோடு ஓடிக்கொண்டிருக்க, வட்டம் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது.