அந்தரத்தில் நின்ற கோலி

போன கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை, கொடைக்கானல் மலையில் உள்ள பூண்டியில் தன் பூண்டுப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த திருமலைச்சாமி, மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு இடப்பக்கமாக எழும்பி, இரண்டு கைகளையும் நீட்டியபடி, ஓராள் உயரத்தில் படுத்தவாக்கில் காற்றில் நின்றார். அன்று சந்தையில் பூண்டு விலை சற்று இறங்கியிருந்தது. பக்கத்துக் காட்டில் கேரட் பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்து, "நாயுடுபுரத்துக்காரரு நெனைக்க ஆரம்பிச்சிட்டாரு" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள். ஒருத்தி மட்டும் வரப்பைத் தாண்டி வந்து, வீணாகப் போன தண்ணீரை அடுத்த பாத்திக்குத் திருப்பிவிட்டாள்.

நாயுடுபுரத்துக்காரர் என்பது பொன்னுவேல். பேக்கரியில் ரொட்டி அடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதவர்; அதற்கு மேல் அவர் வாழ்வில் இருந்தது ஐக்கிய கால்பந்துக் கழகம் ஒன்றுதான். ஐக்கியத்தின் ஒரு மேட்சைக்கூட அவர் தவறவிட்டதில்லை, தன் கல்யாணத்தன்று நடந்ததையும் சேர்த்து. மலையில் ஆட்டத்தின் நடுவே பனிமூட்டம் இறங்கிவிடும். அதற்காக நிறுத்தினால் ஒரு மேட்சும் முடியாது என்பதால், கோல் கம்பத்துக்குப் பின்னால் ஓர் ஆள் நின்று, பந்து உதைபடும் சத்தத்தை வைத்தே அது வரும் பக்கத்தைக் கோல் காக்கிற கோலிக்குக் கத்திச் சொல்வது அந்நாள் வழக்கம். குரல் போடுவது என்பார்கள். கீழே இருந்து வரும் அணிகள் இதை ஏமாற்று வேலை என்று சண்டை பிடித்ததுண்டு. ஐக்கியத்துக்குக் குரல் போட்டவர் பொன்னுவேல். அந்தக் குரலை நம்பிப் பாய்ந்தவர் திருமலைச்சாமி.

தொண்ணூற்று நான்காம் வருஷத்து இறுதி ஆட்டத்தில், சமவெளியிலிருந்து வந்த மில் அணிக்கு எதிராக ஐக்கியம் ஒரு கோல் முன்னால் நின்றது; சமமாக முடிந்தால் கோப்பை, முந்தின வருஷம் ஜெயித்த மில் அணிக்கே என்பது விதி. கடைசி நிமிஷத்தில் மில்காரன் ஒருவன் ஓங்கி உதைத்தான். "ஏலே சாமி, எடப்பக்கம்!" என்று பொன்னுவேல் கத்தினார். திருமலைச்சாமி எழும்பினார். அந்தப் பாய்ச்சலை, நீட்டிய கைகளை, காற்றில் படுத்திருந்த அந்த உடம்பைப் பொன்னுவேல் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தார். அதற்குள் பனி மூடிவிட்டது. விலகியபோது கோலி சேற்றில் கிடந்தார். வலைக்குள் பந்து இல்லை. கம்பத்துக்கு மேலே தட்டிவிட்டார், பந்து சோலைக்குள் போய்விட்டது என்று முடிவு செய்து நடுவர் விசில் ஊதினார். கோப்பை நாயுடுபுரம் வந்தது. ஆக, பொன்னுவேல் ஆள் எழும்பியதைப் பார்த்தார், இறங்கியதைப் பார்க்கவில்லை. எல்லாச் சங்கடமும் இதிலிருந்து வந்ததுதான்: அவர் அந்தப் பாய்ச்சலை நினைக்கும்போதெல்லாம் திருமலைச்சாமி, எங்கே இருந்தாலும், எழும்பி அப்படியே நின்றார்.

அடுப்பு வேலை இருந்தவரை பொன்னுவேலுக்கு நினைக்க நேரம் குறைவு, திருமலைச்சாமியும் அவ்வப்போது இரண்டு நிமிஷம் அந்தரத்தில் நின்றுவிட்டு, கொடியிலிருந்து நழுவும் துணியைப் போல மெல்ல இறங்கிவிடுவார். பிறகு பொன்னுவேலின் நெஞ்சில் அடுப்புப் புகை கட்டிக்கொண்டது. குளிரில் வாசலைத் தாண்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொடைக்கானலில் குளிர் இல்லாத நாள் என்று எதைச் சொல்வது? அன்றிலிருந்து ஜன்னலில் பனியும் உள்ளே பொன்னுவேலுமாக வருஷங்கள் போயின. மகன் கோயம்புத்தூரில் தங்கிவிட்டான். பேச ஆளில்லாத அறைக்கு, நினைக்க நினைக்க, பழைய ஆட்டக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். கீழ்மலை முனியன், செத்து நெடுங்காலமானவர், வெறுங்காலோடு வந்து மூலையில் குத்தவைத்துக்கொண்டார். பூட்ஸ் போட்டால் ஓட்டம் வராது என்று கடைசிவரை சொன்ன மனிதர் அவர். தலையால் முட்டியே பாதிக் கோல்கள் போட்ட ராஜமுருகனும் வந்தார். செத்தவர்களுக்கு வேறு சோலி இல்லை என்பதால் அவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. பொன்னுவேலின் மனைவி சோலையம்மாள் அவர்களுடைய ஈரக்கால் தடத்தைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போய், வாசலில் ஒரு சாக்கை விரித்துப் போட்டார். உயிரோடு இருந்தவர் பாடுதான் திண்டாட்டம். பொன்னுவேல் வேளைக்கு ஒரு தரம் அந்தப் பாய்ச்சலை நினைத்தார். பூண்டியில் ஒரு மனிதர் சாப்பாட்டுக்கும் இறங்க முடியாமல் தொங்கினார்.

தை மாதம் திருமலைச்சாமியின் மகள் ரோகிணிக்கு நிச்சயம் நடந்தபோது, தட்டு மாற்றும் நேரத்தில் அவர் வெற்றிலை பாக்கோடு மேலே போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். தட்டைத் தூக்கிப் பிடித்து வாங்கிக்கொண்டார்கள். ஆனால் பையனின் தகப்பனார் கிளம்பும்போது, தாரை வார்க்கும்போதும் இப்படியானால் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் வெள்ளனே திருமலைச்சாமி பஸ் ஏறினார்.

பொன்னுவேல் அவரைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரி பூரித்துப்போனார். வந்தவரோ உட்காரவில்லை. "அண்ணே, என்னைய மறந்துருங்கண்ணே" என்று கையெடுத்துக் கும்பிட்டார். "வைகாசில மகளுக்குக் கல்யாணம். அன்னைக்காச்சும் நான் தரையில நிக்கணும்."

பொன்னுவேல் ஒப்புக்கொண்டார், மனதாரத்தான். அன்று முழுக்க மறக்கப் பார்த்தார். மறக்க வேண்டிய ஆள் எதிரிலேயே, விட்டத்துக்கு ஒரு சாண் கீழே, தூசியில் தும்மிக்கொண்டு கிடந்தார். கவனத்தைத் திருப்ப ஏதாவது வேலை கொடுக்கலாம் என்று சோலையம்மாள் கணவருக்கு உரிக்கப் பூண்டு கொடுத்தார். அந்த வாசனை காரியத்தை இன்னும் கெடுத்தது. சாயங்காலம் பொன்னுவேல் அழுதுவிட்டார். "என்னால முடியலப்பா. இந்த நாலு செவுத்துக்குள்ள எனக்கு வேற என்னதான் கெடக்கு?"

மேலே இருந்தவர் இன்னொரு தரம் தும்மினார். பிறகு, "அண்ணே, அது கோலு" என்றார்.

கிழிந்த வலையைத் தைக்கக் கயிறு இல்லாமல், ஆட்டத்துக்கு முதல்நாள் திருமலைச்சாமிதான் வீட்டிலிருந்து பூண்டுச் சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டுப் போட்டிருந்தார். நேரமில்லாமல் மேல்பக்கம் மட்டும்தான் தைத்திருந்தார். பந்து அவர் விரலில் பட்டு, சாக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே போனது. சாக்கு மறுபடி தொங்கி மூடிக்கொண்டது. சொல்ல வாயெடுப்பதற்குள் நாயுடுபுரமே அவரைத் தோளில் தூக்கிவிட்டது. "அன்னைக்குத் தூக்குனவங்க இன்னும் எறக்கி விடலண்ணே" என்றார்.

பொன்னுவேல் காதைப் பொத்திக்கொண்டார். ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி, அடுப்புச் சூட்டைத் தாங்கியதே அந்த ஒரு பாய்ச்சலை வைத்துத்தான். அதைக் கொடுத்துவிட்டால் அவரிடம் மிஞ்சுவது இருமல் மட்டும். ஒரு வழி தேடி மூலையிலிருந்த முனியனைப் பார்த்தார். முனியன் கால் சேற்றைச் சுரண்டியபடி, "எனக்கு அன்னைக்கே தெரியும்ணே. பந்தை எடுக்கப் போனவன் நான்தானே, சாக்குக்கு நேர் பின்னாலதான் கெடந்துச்சு" என்றார். அப்போதுதான் பொன்னுவேல் அண்ணாந்து, தொங்கிக்கொண்டிருந்தவரின் முகத்தைப் பார்த்தார். அவர் நினைவில் இருந்த இளைஞனின் முகம் இல்லை அது. கன்னம் ஒட்டிப்போன, மகள் கல்யாணத்தை நினைத்துப் பயந்துகொண்டிருந்த ஒரு தகப்பனின் முகம்.

கண்ணை மூடிக்கொண்டார். உதை கேட்டது, குரல் போட்டார், திருமலைச்சாமி எழும்பினார். பனி வந்தபோது இந்தத் தடவை பொன்னுவேல் நிற்கவில்லை, அதற்குள்ளே போனார். விரலில் உரசிய பந்து, தூக்கிய சாக்கு, சேற்றை நோக்கி வரும் உடம்பு. அறையில் தொப்பென்று ஒரு சத்தம். திருமலைச்சாமி சிமெண்ட் தரையில் கிடந்தார், முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. வலிக்கிறதா என்று சோலையம்மாள் கேட்டதற்கு, "நல்லா வலிக்குதுக்கா" என்று சிரித்தார். மறுநாள் கழகத்தின் கண்ணாடி அலமாரியில் இருந்த கோப்பையில், வெற்றி என்று பொறித்திருந்த இடத்தில் இரண்டாம் இடம் என்று இருந்தது. செயலாளர் அதைத் துடைத்து அங்கேயே வைத்தார்.

வைகாசியில் கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. திருமலைச்சாமி தாரை வார்த்தபோது இரண்டு காலும் தரையில் இருந்ததைப் பூண்டியே குனிந்து பார்த்தது. நாயுடுபுரத்து வீட்டுக்கு முனியனும் ராஜமுருகனும் வழக்கம்போல வந்தார்கள். கோலி வரவில்லை. பொன்னுவேல் நினைத்தால், சேற்றில் விழுந்த ஒருவர் எழுந்து, துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார், அவ்வளவுதான். அவருக்கு அது தாங்க முடியாமல்தான் இருந்தது. அறை முன்பைவிடச் சின்னதாகிவிட்டது என்று சோலையம்மாளிடம் சொன்னார்.

ஆனியில் ஒரு காலை, காபிக்காகக் கை நீட்டிய பொன்னுவேல் நாற்காலியை விட்டு ஒரு முழம் எழும்பி, வாயருகே கையைக் குவித்துக்கொண்டு, குரல் போடுகிற நிலையில் அப்படியே நின்றார். நெஞ்சில் இருமல் இல்லை. ஜன்னல் வழியே, பூண்டிப் பக்கம் பனி அடர்த்தியாக இருப்பது தெரிந்தது. அங்கே பாத்தி ஓரத்தில் யாரோ வேலையை நிறுத்திவிட்டு, பின்னாலிருந்து வரும் ஒரு குரலை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். சோலையம்மாள் முக்காலியில் ஏறி டம்ளரை நீட்டினார். "ஆள் அனுப்பிச் சொல்லட்டுமாங்க?" என்று கேட்டார்.

"வேண்டாம். அவனா எறக்கும்போது எறக்கட்டும்" என்றார் பொன்னுவேல்.