ஒரே பெட்டி மர எழுத்து

எங்கள் ஊரில் சுவரொட்டி ஒட்டும்வரை யாரும் சாவதில்லை. மூச்சு நின்ற கையோடு வீட்டார் என் அச்சகத்துக்கு ஓடிவருவார்கள். கறுப்புக் கட்டம், நடுவில் செத்தவர் பெயர், கீழே துக்கப்படுகிறவர்களின் பெயர்கள். தெற்கு இத்தாலியில் லெச்சே பக்கத்துப் புகையிலை ஊர்களில் எல்லாம் இதே வழக்கம்தான். அடியில் யார் பெயர் இருக்கிறது, யாரை விட்டுவிட்டார்கள் என்று படிக்கவே பாதி ஊர் சுவரோரம் கூடும். துக்கம் விசாரிக்க அப்புறம்தான் போவார்கள்.

செத்தவர் பெயருக்கென்று என்னிடம் ஒரே ஒரு பெட்டி மர எழுத்து இருக்கிறது. ஒரு சாண் உயரம், இரண்டு விரல் அகலம். தடித்துக் கறுத்து, பேருந்துக் கூட்டம் போல நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். எவ்வளவு நீளமான பெயரும் ஒரே வரியில் அடங்கிவிடும். தெருவின் அந்தக் கோடியிலிருந்து படிக்கலாம். சினிமாவுக்கும் தேர்தலுக்கும் அதைத்தான் எடுப்பேன். ஆனால் எனக்குச் சோறு போடுவது சாவுதான்.

எண்ணெய்ச் செக்கு முதலாளி ஒரோன்ஸோ ஸ்பெதிகாத்தோ, கல்லுக்குண்டு மாதிரி நடமாடிக்கொண்டிருந்தபோதே தன் சுவரொட்டிக்கு ஏற்பாடு செய்ய வந்துவிட்டார். அவர் போன பிறகு மகன்கள் கஞ்சத்தனம் பண்ணிச் சின்ன எழுத்தில் போட்டுவிடுவார்களாம்.

"பெரிய எழுத்துல போடு செசீரா. கோயில் படியில நின்னா தெரியணும்."

"இப்பவேவா மாமா? பாதிரியார்கிட்ட நாள் குறிச்சிட்டு வந்துட்டீங்களா?"

"வாயாடி! சொன்னதைச் செய்."

பெயரைக் கோத்தேன். கீழே இரண்டு மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று அவர் சொல்லச் சொல்ல அடுக்கினேன்.

"பொம்பிலியா பேரு?"

"எனக்குப் பொண்ணு கிடையாது."

இருந்தாள். புகையிலைக் கிடங்கில் இலை அடுக்கும் வேலை அவளுக்கு. தொழிற்சங்கக்காரன் தோனாத்தோவைக் கோயிலில் மணக்காமல், நகராட்சி அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கொண்டாள். அன்றோடு அப்பன் வீட்டுக் கதவு அடைத்துக்கொண்டது. கிழவரின் பிடிவாதம் தெரிந்ததால் நான் மேற்கொண்டு பேசாமல், கோத்த வரியை நூலால் கட்டி அலமாரியில் வைத்தேன்.

செய்தி அவள் காதுக்குப் போகாமல் இருக்குமா? இலைக் கறை படிந்த கையோடு வந்து நின்றாள்.

"அக்கா, அதுல என் பேரு இருக்கா?"

"இல்லடி."

"கடைசியில, சின்னதா ஒரு மூலையில… யாரு பாக்கப் போறாங்க?"

"ஊரே அதைத்தான் பாக்கும். எழுதச் சொல்றவங்க வார்த்தைதான் எனக்குச் சட்டம். உனக்காக மீறினா, நாளைக்கு எவன் என் வாசலை மிதிப்பான்?"

"எங்கப்பா செத்த அன்னிக்கு, ஊரான் மாதிரி நின்னு படிக்கணுமா நான்?"

அலமாரியில் இருந்த எழுத்தை விரலால் தடவினாள். "என் பேருல பாதி இதுலயே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆனாலும் சேர்க்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் கிடங்கின் கூரை சரிந்தது. ஒழுகுகிறது, விரிசல் விட்டிருக்கிறது என்று பெண்கள் கத்திக் கத்தி ஓய்ந்துபோன கூரை. கிடங்குக்காரனுக்குக் காது கேட்கவில்லை. அடியில் சிக்கிச் செத்தவள் பொம்பிலியா.

தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசியோடு தோனாத்தோ வந்தான். "பெரிய எழுத்துல போடுங்கக்கா" என்றான்.

எங்கள் பக்கம் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் சுவரேறுவார்கள். அந்தக் குடும்பப் பெயரோ கிழவரின் வரியில் கட்டுண்டு கிடந்தது. நூலை அவிழ்த்தேன். 'ஒரோன்ஸோ'வை உருவி எடுத்துவிட்டு 'பொம்பிலியா'வை வைத்தேன். 'ஸ்பெதிகாத்தோ' வைத்த இடத்திலேயே இருந்தது. அடியில் கணவன், மாமியார், நாத்தனார் என்று தோனாத்தோ சொன்ன பெயர்கள் மட்டும்.

தாள்களை எண்ணெய் விளக்கருகே உலர்த்திக்கொண்டிருந்தபோது ஒரோன்ஸோ உள்ளே வந்தார். தலையில் தொப்பி இல்லை. ஈரத்தாளை மேலிருந்து கீழே படித்தார்.

"என் பேரு எங்க செசீரா?"

தாள் காய்வதற்காக மூலையில் காத்திருந்த தோனாத்தோவைக் கை காட்டினேன்.

"தம்பி…" என்றார். அவனை அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. "அப்பான்னு ஒரு வரி. ஒரே வரி."

"அவளுக்குத்தான் அப்பா கிடையாதே. ஊர் பூரா நீங்கதானே சொல்லிட்டுத் திரிஞ்சீங்க?"

"சொன்னேன். தப்புதான். வேணும்னா உன் கால்ல விழறேன்."

"உங்க வாசல்ல அவ வந்து நின்னப்போ நாயை அவுத்து விட்டீங்க. அன்னிக்கு ராத்திரி பூரா அவ காலுக்குக் கட்டுப் போட்டவன் நான். வராது. உங்க பேரு வராது."

தாள்களைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டான். நான் என் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதை அன்று வெறுத்த மாதிரி என்றைக்கும் வெறுத்ததில்லை.

கிழவர் முக்காலியில் உட்கார்ந்தார். எதிரே கிடங்குப் பெண்கள் போடச் சொல்லியிருந்த சுவரொட்டி காய்ந்துகொண்டிருந்தது. வெளியார் போடுவது அது. மெல்லிய கோடு, சின்ன எழுத்து, 'குடும்பத்தாரின் துயரத்தில் பங்குகொள்கிறோம்' என்று இரண்டே வரி. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது மாதிரி எனக்கு ஒண்ணு போடு."

"இதுல உறவு போடுறதில்ல மாமா. வெறும் பேருதான் வரும்."

"வெறும் பேரே போடு."

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "உங்க வரியை அவுத்துட்டேன் மாமா. எல்லாம் முடிஞ்சதும் பழையபடி கட்டி வெச்சிடறேன்" என்றேன்.

"வேணாம்மா. பெரிய எழுத்து அவகிட்டயே இருக்கட்டும்."

கோயில் படிக்கு எதிர்ச்சுவரில் ஒட்டினார்கள். படியில் நின்றாலே அவள் பெயர் தெரிந்தது. கிழவர் படியிறங்கி வந்து, கூட்டத்தோடு கூட்டமாக, ஊரான் மாதிரி நின்று படித்தார்.